மேடையில் ஒரு சாண் இடம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சமையல் மேடையில் மிக்சி, டோஸ்டர், கெட்டில், ஏர் ஃபிரையர், ஹேண்ட் பிளெண்டர் எல்லாம் வரிசையாக நிற்க, நடுவில் காய் நறுக்க ஒரு சாண் இடம். இன்னொரு அலமாரி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுப் பக்கத்து அறையில் வை. தேவைப்படும்போது எடுத்து வா, ஆனால் திருப்பிக் கொண்டுபோய் வைக்காதே. இரண்டு வாரத்தில் எவையெல்லாம் வந்து சேர்ந்தனவோ அவற்றுக்குத்தான் மேடை. மற்றவை அலமாரிக்குள் போகட்டும். எனக்கு மூன்றுதான் வந்தன. சாண்ட்விச் மேக்கர் வரவே இல்லை. எவ்வளவு ஆசையாக வாங்கினேன் தெரியுமா!

அலமாரியில் கனமானவற்றை இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழேயோ வை. தலைக்கு மேலே வைத்தால், அவசரத்தில் ஒயரைப் பிடித்து இழுக்கிற நாள் ஒன்று வரும். பிளேடு, மூடி, மற்ற உதிரிகள் எல்லாம் அந்தந்தச் சாதனத்தின் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை ஈரம்தான். கழுவிய மிக்சி ஜாரை உடனே மூடி வைக்காதே. மூடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றித் துடை, கறுப்பாகப் பூஞ்சை பிடிப்பது அந்த இடுக்கில்தான். ஜாரைக் கவிழ்த்து வைத்தால் உலர்ந்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் கவிழ்த்தால் அதன் அடிக்குழி மேலே வந்துவிடுகிறது, தண்ணீர் அங்கேயே தேங்குகிறது. பிளேடைச் சுழற்றும் தண்டு இருப்பது அந்தக் குழியில். துருப்பிடித்து இறுகிவிட்டால் அப்புறம் கையால் திருப்பினாலும் அசையாது. முதலில் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, ஜாரைப் படுக்க வைத்து உலர்த்து.

ஒயர் விஷயத்தில் நான் அனுபவப்பட்டவன். ஹேண்ட் பிளெண்டரின் ஒயரை அதன் உடம்பிலேயே இறுக்கிச் சுற்றி வைப்பேன், பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள், ஒயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் ஓடுவேன் என்றது. மோட்டார் போய்விட்டது என்று புலம்பிக்கொண்டே எடுத்துப்போனேன். பிரித்துப் பார்த்தால், ஒயர் உள்ளே நுழையும் கழுத்தில் செப்புக் கம்பிகள் உடைந்திருந்தன. நீ உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுருட்டி, ஒரு துணி நாடாவால் கட்டு. சூடாகிற சாதனம் என்றால் நன்றாக ஆறிய பிறகு கட்டு.

டோஸ்டரை உள்ளே வைக்கும் முன் அடித்தட்டைத் தட்டிக் கொட்டிவிடு, இல்லையென்றால் கரப்பான்பூச்சிக்கு நிரந்தர விருந்து. படத்தில் அது மேல் அலமாரிக்கு நேர் கீழே நிற்கிறது. பயன்படுத்தும்போது முன்னால் இழுத்துக்கொள், அந்தச் சூட்டில் அலமாரியின் அடிப்பலகை உப்பிவிடும். ஏர் ஃபிரையரையும் சுவரோடு ஒட்டி வைக்காதே, அது பின்பக்கமாகச் சூட்டை வெளியே விடும்.

கெட்டிலின் அடியில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும், புரட்டிப் பார். 1500 என்று இருந்தால் அதையும் ஏர் ஃபிரையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது. சுவரில் தனித்தனிப் பிளக் எங்கே இருக்கிறதோ, அவற்றின் இடமும் அங்கேதான்.

இரண்டு வாரம் கழித்து மேடையின் படம் ஒன்று அனுப்பு. சாண்ட்விச் மேக்கரை உன் தலையில் கட்ட மாட்டேன், பயப்படாதே.

அன்புடன்,
அண்ணன்