கருவியைக் காணோமென்றால் விமானம் காத்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரத்திலிருந்து விமானப் பராமரிப்புப் படிப்பு முடித்த பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஹேங்கர் (விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் கூடம்) வேலைக்குச் செல்கிறார்கள். அத்தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவர்களுக்குப் பயிற்சியும் வேலையும் தரும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன்.

2023 டிசம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானமொன்றின் எஞ்சினைப் பரிசோதித்தபோது, அதைச் சுழற்றப் பயன்படுத்திய ஒன்றேகால் மீட்டர் நீள நைலான் கருவி உள்ளேயே தங்கிவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அது கண்டெடுக்கப்படுவதற்குள் அவ்விமானம் 34 முறை பறந்திருந்தது. திரும்பி வராத கருவியைத் தேடும் நடைமுறையைத் தொடங்காமலேயே விமானத்துக்குத் தகுதிச் சான்று வழங்கப்பட்டதாக ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை தெரிவித்தது. அங்கே உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் 113 பேரைப் பலிகொண்ட கான்கார்ட் விமான விபத்து, முன்னால் புறப்பட்ட விமானத்திலிருந்து உதிர்ந்த ஓர் உலோகப் பட்டை டயரைக் கிழித்ததில் தொடங்கியது. அந்தப் பட்டை உற்பத்தியாளர் வகுத்த முறைப்படி பொருத்தப்பட்டதன்று.

ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவிலேயே இடம் வெட்டிய தட்டு, கருவிகளில் பொறித்த எண், ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணிக்கை, கழற்றிய குழாயின் வாய்க்கு உடனே மூடி, திருகுகள் தளராமல் கட்டும் லாக் வயரை வெட்டும்போது துண்டு தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவை எல்லா ஹேங்கர்களுக்கும் தெரிந்தவையே. இவை குலைவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். காலை விமானத்துக்கு நேரம் நெருங்கும்போது, "ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைகிறது" என்று சொல்ல இளம் தொழிலாளி அஞ்சுகிறான். சொன்னவனை மேற்பார்வையாளர் ஒருமுறை ஏசிவிட்டால், அதைக் கேட்டு நின்ற மற்றவர்களும் அதன்பின் வாய் திறக்க மாட்டார்கள். தட்டும் பதிவேடும் எத்தனை இருந்தாலும் இந்த அச்சத்துக்கு அவை மருந்தாகா என்பதே என் உறுதியான கருத்து.

எனவே, காணாமற்போன கருவியைப் பற்றித் தாமாக முன்வந்து சொல்பவர்மீது நடவடிக்கை இல்லை என்பதை நிறுவனங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பயிற்சி நிறுவனங்கள் செய்முறைத் தேர்வில் கருவிக் கணக்குக்கும் மதிப்பெண் ஒதுக்க வேண்டும். இதற்காக வளைகுடா விமானம் சில மணி நேரம் தாமதமானால், நம் மாவட்டப் பயணிகளும் கவுன்டரில் நிற்கும் ஊழியரிடம் கோபப்படாமல் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பப் பணியாளர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.