சுரங்க நிர்வாகத்துக்கு, பம்ப் அறையிலிருந்து

நிர்வாகத்தில் உள்ள ஐயாமார்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய மெமோ கிடைத்தது. மாலை 4 மணிக்கு எடுத்த அளவைப் பதிவேட்டில் 2 மணி என்று எழுதிவிட்டேன், கவனக்குறைவு, விளக்கம் வேண்டும் என்கிறீர்கள். சரி, விளக்கம் இதோ. சுரங்க லிஃப்ட் கூண்டில் ஏறி இறங்குவதில் நேரம் வீணாகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களை மேலே விடுவதை நிறுத்தினீர்கள். போனும் கைக்கடிகாரமும் கீழே கூடாது என்பது பாதுகாப்பு விதி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பம்ப் அறைச் சுவர்க்கடிகாரம் நின்று மூன்று வாரமாகிறது, சொல்லியும் மாற்றவில்லை. விடியும் முன் இறங்கி, இருட்டிய பின் ஏறுகிற ஆள், தனியாக உட்கார்ந்து மணியை எதைப் பார்த்து எழுதுவது?

1962ல் மிஷேல் சிஃப்ர் என்கிற பிரெஞ்சுக்காரர் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரமில்லாமல் இரண்டு மாதம் தனியாக இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே கூப்பிட்டபோது அவர் கணக்கில் தேதி ஆகஸ்ட் 20. 25 நாளைத் தொலைத்தவரை விஞ்ஞானி என்று கொண்டாடினார்கள். நான் தொலைத்தது இரண்டு மணி நேரம், எனக்கு மெமோ.

உடம்புக்குள் ஓடும் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். கண்ணில் படுகிற பகல் வெளிச்சம்தான் அதைத் தினமும் இழுத்துப் பிடித்துச் சரிசெய்கிறது. பம்ப் அறை டியூப்லைட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல மடங்கு வெளிச்சம். பத்து நாள் முன்பு நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து, குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசல்வரை போய்விட்டேன். மனைவிதான் கையைப் பிடித்து மணியைக் காட்டினாள். அப்போதும் நம்பாமல், வீட்டுக் கடிகாரமும் நின்றுவிட்டது என்று அவளிடம் சண்டை போட்டேன். அப்புறம் தூக்கமே இல்லை, மறுநாள் ஓடுகிற பம்ப் பக்கத்தில் கண் சொக்கியது. அது என்ன ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மேலே விடுங்கள். அரை மணி போதும்.

பேச ஆளில்லாதது தனிக் கதை. அதே சிஃப்ர் 1972ல் டெக்சாஸ் குகையில் ஆறு மாதம் இருந்தபோது துணைக்கு ஒரு எலியைப் பிடிக்கப் பார்த்தார். எனக்கு எலியும் இல்லை, பம்போடுதான் பேசுகிறேன், அது உங்களைவிடச் சீக்கிரம் பதில் சொல்கிறது. ஜன்னலோர நாற்காலி யாருக்கு என்று மேலே ஆபீசில் நடந்த சண்டை எங்கள் காதுக்கும் வந்தது, எங்களுக்கு ஜன்னல்கூட வேண்டாம் ஐயா...

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் மேலே விடுங்கள், சுவரில் ஓடுகிற கடிகாரம் ஒன்று மாட்டுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
பம்ப் அறை ஆள், பகல் ஷிப்ட் (பகல் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்)