மொலாசஸ் இல்லை என்று ஸ்டிக்கர், அதன் அடியில் மொலாசஸ்: குதிரைத் தீவனம் பற்றிய புகார்

அனுப்புநர்:
குதிரை வளர்ப்பவர், கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.
(பெயரும் முகவரியும் உங்கள் ரசீதில் உள்ளபடி)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 25 கிலோ குதிரைத் தீவன மூட்டைகள் இரண்டு – தவறான லேபிள் – பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோருதல்.

ஐயா, வணக்கம்.

ஜூன் 9ஆம் தேதி உங்கள் இணையக் கடையில் இரண்டு மூட்டைத் தீவனம் வாங்கினேன். மூட்டை 2,350 ரூபாய், மொத்தம் 4,700. முன்பக்கம் பச்சை எழுத்தில் மூன்று வரிகள்: ‘முழுக்க இயற்கை’, ‘மொலாசஸ் சேர்க்காதது’, ‘குளம்பு நோய் வந்த குதிரைக்கும் ஏற்றது’. மொலாசஸ் என்பது ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகு. அந்த மூன்றாவது வரியை நம்பித்தான் காசு கொடுத்தேன்.

என் பெண் குதிரை ராசாத்தி, அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் ஆறு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. மார்வாரி இனம், நாலு காலும் நெற்றியும் வெள்ளை. எங்கள் பக்கம் பஞ்சகல்யாணி என்போம். எடை 350 கிலோ இருக்கும். போன வருடம் மழைக்குப் பிறகு தளதளவென்று வந்த புல்லை இஷ்டத்துக்கு மேய்ந்து லேசாக லேமினைடிஸ் என்கிற அந்தக் குளம்பு நோய் வந்து தப்பித்தது. அதிலிருந்து சர்க்கரை ஏறும் எதையும் கண்ணில் காட்டுவதில்லை. காய்ந்த புல் தினம் 7 கிலோ, அதையும் நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுவேன். கொஞ்சம் குதிரைமசால் என்கிற தீவனப் பயிர். ஊறவைத்த கொள்ளு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் கிடையாது. என் அப்பா குதிரை வண்டி ஓட்டியவர். குதிரைக்கு இரைப்பை சிறிசு, வாந்தி எடுக்கவும் வராது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதைத்தான் இன்றைக்குக் கால்நடை மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

உங்கள் தீவனத்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிடவில்லை. முதல் நாள் அரைப்படி, அப்புறம் ஒரு படி என்று பத்து நாள் பழக்கினேன். மூட்டையில் ‘தினம் 4 கிலோ, புல்லைக் குறைத்துக்கொள்ளலாம்’ என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஒன்றரைக் கிலோவைத் தாண்டவே இல்லை. வெந்தய வாசனை தூக்கலாக இருந்ததால் வேறு வாசனை எதுவும் மூக்குக்கு எட்டவில்லை. ராசாத்தி வாளியின் அடிவரை நக்கியது. பிடித்துச் சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்பட்டவன் நான்தான்.

12ஆவது நாள் விடியற்காலை லாயத்துக்குப் போனபோது அது என்னைப் பார்த்து வரவில்லை. முன்கால் இரண்டையும் நீட்டி வைத்துக்கொண்டு, உடம்பு பாரத்தைப் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்தாற்போல் நின்றது. ஒரு காலை எடுத்து வைக்கும், உடனே மற்றதை எடுக்கும். குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் கிடந்த கல் மாதிரி சூடு. கணுக்காலுக்குப் பின்னால் விரலை வைத்தால் நாடி தெறித்தது. சாதாரண நாளில் அந்த இடத்தில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மருத்துவர் வந்து கேட்ட முதல் கேள்வி, “புதுசா என்ன குடுத்தீங்க?” மூட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். குளம்பைக் குளிர வைக்கும் ஐஸ் தண்ணீரில் கையை விட்டு எடுத்த ஈரத்தோடு திருப்பிப் பிடித்தபோது, பின்பக்கம் ‘மொலாசஸ் சேர்க்காதது’ என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியது. உரித்தேன். அடியில் அச்சடித்திருந்தது: அரிசித் தவிடு, மொலாசஸ், மக்காச்சோளம், வெந்தயம், மூலிகைகள். மொலாசஸ் இரண்டாவது இடத்தில்.

இதில் என்ன தப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். கரும்புப் பாகில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஏற்கெனவே குளம்பு நோய் கண்ட குதிரைக்கு அது ரத்தத்தில் இன்சுலினை ஏற்றும். குளம்புக்கும் உள்ளிருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய சதை மடிப்புகள் இருக்கின்றன. எலும்பைக் குளம்போடு பிடித்து நிறுத்துபவை அவைதான். அவை வீங்கித் தளர்ந்தால் எலும்பு உள்ளேயே இறங்கிவிடும், அப்புறம் அந்தக் குதிரை நடக்காது. தவிட்டுக்கு வேறு சங்கடம். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். சரிக்கட்டாமல் மாதக்கணக்கில் போட்டால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகமே வீங்கிப்போகும். புல்லைக் குறைத்துவிட்டு இதை 4 கிலோ போடு என்று எழுதியவர் குதிரையைப் பக்கத்தில் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

அன்று காலையே உங்கள் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினேன். ஒரு தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பேசியது இது: “சார், கரும்பும் இயற்கைதானே?” சரி, அரளியும் இயற்கைதான், நாலு இலை தின்றால் குதிரை பிழைக்குமா? ‘டாக்டர் ஊசி போட்டு உடம்பைக் கெடுத்துவிடுவார், எங்கள் மூலிகைச் சூரணத்தை மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள்’ என்று அடுத்து சொன்னாரே, அதுதான் இந்தக் கடிதத்தையே எழுத வைத்தது. குதிரைக்கு இதமான வைத்தியம் எனக்கும் பிடிக்கும். கால் மரத்துப்போனால் லாயத்தில் மணல் பரப்பி நடத்துவேன், உடம்பு பிடித்துவிடுவேன், சும்மா ஒரு மருந்தும் கொடுக்க மாட்டேன். ஆனால் குளம்பு சூடான குதிரைக்கு மூன்று நாள் காத்திரு என்பது வைத்தியமா? முதல் சில மணி நேரத்தில் குளிர வைத்து வலியைக் குறைத்ததால்தான் ராசாத்தி இன்றைக்கு நிற்கிறது. நான் மருத்துவருக்குச் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்குப் பேசினேன். முதல் குதிரை வாங்கிய யாரோ ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தால்?

அதற்குப் பிறகு மூன்று மின்னஞ்சல், இரண்டு வாட்ஸாப். பதில் இல்லை. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வார்கள். ஆர்டர் போட்ட அன்று மட்டும் உங்களிடமிருந்து ஆறு செய்தி வந்தது.

தீவனப் பணம் 4,700 ரூபாயும், மருத்துவர், மருந்து, மூன்று நாள் ஐஸ், மணல் எல்லாம் சேர்த்து ஆன 11,800 ரூபாயும் வர வேண்டும். ரசீதுகளை இணைத்திருக்கிறேன். ஆனால் பணத்தோடு இது முடியாது. இதே தொகுப்பு எண் கொண்ட மூட்டையை வாங்கிய எல்லோருக்கும் ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள், மிச்சத்தைத் திரும்பப் பெறுங்கள். புல்லைக் குறைக்கச் சொல்லும் வரியை எடுங்கள். தொலைபேசியில் பேசுகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தால் போதும்: “உடனே மருத்துவரைக் கூப்பிடுங்க.”

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஈரோடு மாவட்டக் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப, திறந்த மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. அதன் ஸ்டிக்கரையும் தொடவில்லை. உங்கள் ஆளை அனுப்புங்கள், அவரே உரித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ரசீதில் உள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதுகள், மருத்துவர் சீட்டு, உரித்த ஸ்டிக்கரின் புகைப்படங்கள்.