மல்லித் தண்ணீரும் தைராய்டு மாத்திரையும்

ஆசிரியருக்கு வணக்கம். மல்லி விதைத் தண்ணீர் குடித்தால் தைராய்டு மாத்திரையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பி என் அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். முதல் 2 வாரம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் மாத்திரையில் இருக்கும் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 1 வாரம் ஆகும், அதைத்தான் தண்ணீரின் மகிமை என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் முகம் ஊதி, சித்திரை வெயிலிலும் போர்வை கேட்டார்.

மல்லித் தண்ணீர் குடிக்கட்டும், சரி. ஆனால் சுரப்பி சுரக்காத ஹார்மோனை அது தராது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அரை மணி முதல் 1 மணி நேரம் கழித்துத்தான் காபி, அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிகள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது, வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அந்த ஹார்மோன் வேண்டும்.

— ஒரு வாசகி, மதுரை