அம்மாவின் கால்

அன்புள்ள இசக்கி,

பொங்கலுக்கு நீ எழுதினதற்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சுகம், வாழை இந்தத் தடவை காற்றுக்குத் தப்பிவிட்டது, ஆறுமுகம் அண்ணாச்சி இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறார். நாலு மாதமாக அம்மாவின் காலோடேயே அலைந்துவிட்டேன்.

செருப்புக் கடித்து வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். சர்க்கரையில் மரத்துப்போன கால், அம்மாவுக்குத் தெரியவே இல்லை. பாயில் கறையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. முதலில் காட்டிய இடத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை லே. அப்புறம் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர். அவர் புண்ணைத் தொடுமுன் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தார், டாப்ளர் கருவி வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்டார். பெரிய ரத்தக் குழாயில் ஓட்டம் இருக்கிறது, விரலைக் காப்பாற்றிப் பார்ப்போம் என்றார். செத்த சதையை எடுத்துவிட்டு கொலாஜன் என்ற புரதத்தால் ஆன ஒரு தாளை வைத்துக் கட்டினார். நம்மூர் அப்பளத்தைவிட மெல்லிசு, ஈரம் பட்டதும் புண்ணோடு ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து இதையே தேடித்தேடிப் படிக்கிறேன். நம் உடம்பில் ஆக்சிஜன் ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரம்தான் எட்டும், அதற்கு அப்பால் இருக்கிற செல் செத்துப்போகும். கால்வாயில் தண்ணீர் ஓடியும் மடை இல்லாத வயல் காய்கிற மாதிரி. தடிமனான சதையை உடம்புக்கு வெளியே வளர்ப்பது அதனால்தான் இவ்வளவு கஷ்டம். ஆகவே ரத்தக் குழாய் உள்ளே வளர்ந்து வரட்டும் என்று நுண்துளை உள்ள பொருளை வைத்து, குழாயை வரவழைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தையும் அதில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அதை மட்டும் அள்ளிப் போட்டால் புதுக் குழாய் ஒழுகும், கரை கட்டாமல் வாய்க்கால் வெட்டின கதைதான். 2001-ல் அமெரிக்காவில் டேவிட் மூனி என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஒரே பொருளிலிருந்து வி.இ.ஜி.எஃப். முதலிலும், குழாயை உறுதியாக்கும் பி.டி.ஜி.எஃப். பின்னால் மெதுவாகவும் கசியும்படி செய்தது. எனக்கு இதுதான் பிடித்தது: எது முதலில், எது பிறகு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த பி.டி.ஜி.எஃப். கலந்த களிம்பை அமெரிக்காவில் 1997-லேயே சர்க்கரைக்காரர்களின் கால்புண்ணுக்கு அனுமதித்துவிட்டார்கள். நம் சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் கொலாஜனை வைத்துப் புண்ணுக்கான பொருள்கள் செய்கிறார்கள். செருப்புத் தோல் சம்பந்தப்பட்ட இடம் என்றே நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தாள் மட்டும் ஆற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தோம், அந்தக் காலை ஊன்றவே விடவில்லை, தவறாமல் கட்டு மாற்றினோம். மூன்றாம் வாரம் கட்டைப் பிரித்தபோது வெளிறிக் கிடந்த குழிக்குள் செக்கச்செவேலென்று மணிமணியாக, மாதுளை முத்து மாதிரி. அத்தனையும் புதுசாக முளைத்த ரத்தக் குழாய் என்றார் டாக்டர். நான் அழுதுவிட்டேன்.

இசக்கி, போன தடவை கன்னடியன் கால்வாயில் இறங்கி ஏறினபோது உன் உள்ளங்காலில் முள் இருந்ததை நான் காட்டித்தான் நீ பார்த்தாய். அன்றைக்குச் சிரித்தோம். உனக்கும் எட்டு வருஷமாகச் சர்க்கரை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு காலையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்குப் போன் பண்ணு. அம்மா தினமும் கேட்கிறாள்.

உன்,
சுடலை