புள்ளி விழுந்த ஆப்பிள்

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆப்பிள் பழத்தில் விழுந்த புள்ளிகளின் படங்களைப் பார்த்தேன். புள்ளி என்றதும் பூஞ்சாணக்கொல்லி வாங்க ஓடாதே. முதலில் நகத்தால் சுரண்டு, பிறகு கத்தியால் சீவு.

புகை படிந்தது போல இருந்து துடைத்தால் வருகிறது என்றால், அது தோல்மேல் மட்டும் படரும் பூஞ்சாணம். கழுவிச் சாப்பிடலாம். நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து, அதாவது வெட்டிக் களைந்துவிட்டால் போதும். சிவப்பு வளையத்துக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாய்ச் சாம்பல் நிறச் செதில் தெரிந்தால் அது செதில் பூச்சி.

சொறி நோய் வேறு மாதிரி. புள்ளி தடித்து, கறுத்து, சொரசொரப்பாகி, பழம் பருக்கும்போது வெடிக்கும். இலையிலும் பாசி நிறத்தில் வெல்வெட் போலப் படர்ந்திருக்கும். இந்த நோயைத் தரும் பூஞ்சாணம் உதிர்ந்த இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். அந்த இலையைக் கூட்டி அள்ளாமல், தளிர்க்கும்போது நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள் மட்டும் அடித்தால் பாதி வேலைதான்.

உன் மரத்தில் இலை சுத்தமாக இருக்கிறது. புள்ளிகளும் காம்புக்கு எதிர்ப்பக்கம் அமுங்கிய குழிகளாகக் கூடியிருக்கின்றன. தோலை மெல்லிசாகச் சீவிப் பார். அடியில் தக்கை மாதிரி காய்ந்த பழுப்புத் திட்டு இருக்கும், கசக்கும். இது நோயே இல்லை, பழத்துக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போதவில்லை. மண்ணில் நிறைய இருந்தாலும் இப்படி ஆகும். வேர் இழுக்கும் நீரோடுதான் அந்தச் சத்து ஏறும், அதில் பெரும்பங்கை இலைகள் வாங்கிக்கொள்ளும். தழைச்சத்து அதிகமாகிக் கொழுந்து தள்ளினாலோ, காயவிட்டுத் திடீரென நீர் பாய்ச்சினாலோ பழத்துக்கு மிஞ்சாது. காய்ப்பு குறைந்து பழம் பெருத்த வருஷத்தில் இன்னும் மோசம்.

அடுத்த பருவத்தில் தழைச்சத்து தரும் யூரியாவை நிறுத்து. மரத்தடியில் சருகு, வைக்கோலால் மூடாக்குப் போட்டு ஈரத்தை ஒரே சீராக வை. பூவிதழ் உதிர்ந்த ஒரு மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து அடி. இலையில் விழுந்தது பழத்துக்கு நகராது, அதனால் காயே நனைய வேண்டும். வெயில் 29 டிகிரியைத் தாண்டும் நாளில் வேண்டாம், இலை ஓரம் கருகும். வேறு மருந்தோடும் கலக்காதே.

இந்த வருஷப் பழத்துக்கு வழியில்லை. குழியைச் சீவிவிட்டுச் சாப்பிடலாம். ஆனால் பெரிய பழங்களைச் சேமித்து வைக்காதே, பறித்தபோது நன்றாக இருந்ததிலும் வைத்த இடத்தில் குழி விழும். இரண்டு பழத்தைச் சீவிப் படம் அனுப்பும்மா.

அன்புடன்,
அப்பா