முதலில் பெட்டி, பிறகுதான் துப்பாக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போன வாரம் போனில் துப்பாக்கி என்று சொன்னதுமே அம்மா கலங்கிப்போனதால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அதனால் விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இங்கே ஆஸ்திரேலியாவில், டப்போ ஊர்ப் பக்கம் இப்போது கடுங்குளிர், ஆடுகள் குட்டி போடும் காலம். ராத்திரியில் நரி வந்து, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டியைத் தூக்கிப் போகிறது. இந்த மாதத்தில் மட்டும் 9 குட்டிகள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ரைஃபிள் வைத்திருக்கிறார்கள், நானும் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். 'என் பாதுகாப்புக்கு' என்று கேட்டால் இங்கே தரமாட்டார்கள். பண்ணை வேலை மாதிரி சரியான காரணம் வேண்டும். 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகுதான் இவ்வளவு கட்டுப்பாடு. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசாங்கமே காசு கொடுத்து வாங்கி அழித்தது.

முதல் துப்பாக்கிக்கு அனுமதி கேட்டால் 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களைத் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி தேடுவதில்தான் செலவழித்தேன். 'அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்வார்?' என்றே ஒவ்வொரு கடையிலும் நினைத்துக்கொண்டேன்.

முதலில் பார்த்தது மலிவான ஒன்று. கதவின் மூலையைப் பிடித்து இழுத்தால் தகடு வளைகிறது. அதற்குப் போய் ஆறு தாழ்! தகடே வளைந்தால் தாழ் எத்தனை இருந்து என்ன பயன்? கடப்பாரையை நுழைக்க ஒரு விரல்கடை இடைவெளி போதும் என்று நம் பூட்டுப் பட்டறையில் நீங்கள் சொல்வது ஞாபகம் வந்தது. கடைசியில் 3 மி.மீ. உடலும் 6 மி.மீ. கதவும் உள்ளதை வாங்கினேன். கீல் வெளியே தெரிகிறது, ஆனால் கீல் பக்கமும் உள்ளே தாழ் உண்டு. கீலை அறுத்தாலும் கதவு வராது.

வெறும் பெட்டி 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் நகர்த்த முடியாதபடி பொருத்த வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். என்னுடையது 120 கிலோ. சட்டமே இல்லாவிட்டாலும் பொருத்தியிருப்பேன். இரண்டு பேரும் ஒரு தள்ளுவண்டியும் இருந்தால் 200 கிலோவையும் கொண்டுபோய்விடலாம். உள் அறை அலமாரிக்குள், ஜன்னல் வழியே யார் கண்ணிலும் படாத இடத்தில், கான்கிரீட் தரையில் நான்கு போல்ட் அடித்து இறுக்கினேன். நெம்ப இடம் இல்லாதபடி இரண்டு பக்கமும் சுவர்.

பூட்டு விஷயத்தில்தான் ரொம்ப யோசித்தேன். லைசென்ஸ் இல்லாத யார் கையிலும் சாவி கிடைக்கக் கூடாது. என் மனைவிக்கும் இது பொருந்தும். நம் வீட்டில் பீரோ சாவி அரிசிப் பானைக்குள் இருக்கும். அது வீட்டுக்கே தெரியும், சின்ன வயதில் எனக்கும் தெரியும். பாப்பாவுக்கு இப்போது நாலு வயது, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறாத இடமே இல்லை. ஒளித்து வைத்த சாவி என்று ஒன்று இருந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். பேட்டரி பூட்டுகளோடும் அவசரத்துக்கு என்று ஒரு சாவி தருகிறார்கள், அதை எங்கே ஒளிப்பது? அதனால் சுழற்றும் எண் பூட்டு எடுத்தேன். உள்ளே மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. மூன்று வெட்டும் நேராக வந்தால்தான் தாழ் விடும். சாவி உள்ளே இருக்கும் தகடுகளைத் தூக்கி நேராக்குமே, அந்த நம் லீவர் பூட்டின் சங்கதிதான், இதில் சாவி மட்டும் இல்லை. எண் யாருடைய பிறந்த நாளும் இல்லை. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. உள்ளே ஈரம் பிடிக்காமல் இருக்க சிலிகா ஜெல் பை போட்டிருக்கிறேன்.

தோட்டாக்களைத் தனியாக, வேறு பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். அந்த இரும்புப் பெட்டி வேறு அறையில் இருக்கிறது, பூட்டுதான் இன்னும் சரியாக அமையவில்லை. செப்டம்பரில் பெரியம்மா மகன் வருகிறானே, அவனிடம் நீங்கள் செய்த லீவர் பூட்டு ஒன்று கொடுத்தனுப்புங்கள். கொண்டி அரை அங்குலத்துக்கு மேல் தடிமன் வேண்டாம், வளையத்தில் நுழையாது. சாவி ஒன்றே ஒன்று போதும். மற்றது திண்டுக்கல்லில் உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்